புதிய பட்டதாரியின் தன்விவரக் குறிப்பு

தன்விவரக் குறிப்பு என்பது வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தம் கல்வி, திறன், அனுபவம் ஆகியவற்றைத் தொகுத்து நிறுவனத்துக்கு அளிக்கும் ஆவணம் ஆகும். தமிழ்நாட்டில் இது பயோடேட்டா, ரெஸ்யூம் என்னும் பெயர்களிலும் வழங்குகிறது. புதிய பட்டதாரிகள் பலர் சம்பளம் பெற்ற வேலையை மட்டுமே அனுபவம் எனக் கருதி, 'முன் அனுபவம்' என்னும் பகுதியை வெறுமையாக விடுகின்றனர். பொறுப்பேற்றுச் செய்த எந்தப் பணியும் அப்பகுதியில் இடம்பெறலாம்.

அனுபவமாகக் கொள்ளத்தக்கவை

கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்வதற்கான இல்லம் தேடிக் கல்வித் திட்டம், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகிலுள்ள முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இதன் தன்னார்வலர்கள் 1 முதல் 8 வரையான வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் கற்பித்தனர். விக்கிரவாண்டியில் இப்பணியைச் செய்த ஒருவர் "கற்பிப்பதில் ஆர்வம் உண்டு" என எழுதினால் அவர் செய்தது எதுவும் தெரியாது. "இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், விக்கிரவாண்டி, 2022–2023, தொடக்கப்பள்ளி மாணவர் 18 பேருக்கு மாலைதோறும் தமிழும் கணக்கும் கற்பித்தது" என எழுதினால் இடம், காலம், அளவு, பொறுப்பு நான்கும் விளங்கும்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுவதும், ஏழு நாள் சிறப்பு முகாமில் பங்கேற்பதும் இத்தகையவையே. குடும்பத்தின் மளிகைக் கடையிலோ நெல் மண்டியிலோ கணக்கு எழுதியது, கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணி, 2022 இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் பயிற்சி ஆகியவற்றையும் இவ்வாறே குறிக்கலாம்.

அமைப்பு

புதிய பட்டதாரிக்கு ஒரு பக்கம் போதும். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை மேலே அமையும். அடுத்துக் கல்வித்தகுதி, அண்மைய படிப்பு முதலில் வருமாறு எழுதப்படும். அதன் பின் அனுபவமும் திறன்களும் இடம்பெறும்.

தவிர்க்க வேண்டியவை

திருமணத்துக்கான பயோடேட்டாவைப் பின்பற்றிச் சாதி, மதம், பெற்றோர் தொழில் ஆகியவற்றை எழுதும் வழக்கம் உள்ளது. தனியார் வேலைக்கு இவை தேவையற்றவை. அரசு வேலைக்குச் சாதிச் சான்று கோரப்பட்டால், அதற்குரிய விண்ணப்பப் படிவத்தில் குறிப்பிட்டால் போதும். ஆதார் எண்ணையும் தன்விவரக் குறிப்பில் சேர்க்கக் கூடாது. அது தவறாகப் பயன்படுத்தப்படலாம்.

நண்பரின் குறிப்பைப் படியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவதும் தவறு. நேர்காணலில் எந்த வரியைப் பற்றியும் வினா எழலாம். தெரியாத கணினி மொழியைத் தெரியும் என எழுதியவர் முதல் வினாவிலேயே தடுமாறுவார். அதன்பின் அவர் உண்மையில் செய்த பணிகளும் ஐயத்துக்குள்ளாகும். தாமே செய்த வேலையை எழுதியவர், அதை எவ்வாறு செய்தார் என விளக்க முடியும்.