சித்திரக் கதைக்கு வசனம் எழுதுவோர்க்கு

சித்திரக் கதையென்றால் ஓவியரையே புகழ்கிறோம். படத்துக்கு முன்னே பிறக்கும் எழுத்தை எவரும் நினைப்பதில்லை. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி' பிரித்தானியக் கதையின் தமிழாக்கம். அங்கே படங்கள் ஏலவே வரையப்பட்டவை. நம் கதையை நாமே எழுதும்போதோ, ஒவ்வொரு கட்டத்திலும் யார், என்ன செய்கிறார் என்பதையே முதலில் ஓவியருக்குச் சொல்லவேண்டும், பேச்சு பிறகுதான்.

டயகமத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தைக் கதையாக்குவதாகக் கொள்வோம். "நிறையைக் குறைக்கிறார்களே என்று அவள் வருந்தினாள்" என்றெழுதினால் ஓவியர் எதை வரைவார்? முதற் கட்டத்தில் தராசு முள். அடுத்ததில் அதை உற்றுநோக்கும் கண்கள். மூன்றாவதில் கணக்கப்பிள்ளையின் பேனா, குறைத்தெழுதிய எண். இம்மூன்றுக்கும் வசனமே வேண்டாம். நான்காவதில் அவள் வாய் திறக்கட்டும்: "ஐயா, தராச இன்னொருக்கா பாருங்க." இதற்குமேல் நீட்டினால் பேச்சுக்கூடு பெருத்து, அவள் முகத்தையே மறைத்துவிடும்.