சீட்டு வித்தையில் இரண்டு கணக்குகள்

21 சீட்டு வித்தையை நீங்கள் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை செய்தும் இருப்பீர்கள். சீட்டுக்கட்டிலிருந்து ஏதேனும் 21 சீட்டுகளை எடுத்து, முகம் தெரியும்படி இடமிருந்து வலமாக மூன்று மூன்றாகப் பரப்ப வேண்டும். வரிசைக்கு ஏழு சீட்டுகளாக மூன்று நெடுவரிசைகள் கிடைக்கும். பார்வையாளர் ஒருவர் மனத்துக்குள் ஒரு சீட்டை நினைத்துக்கொண்டு, அது எந்த நெடுவரிசையில் இருக்கிறது என்று மட்டும் கூறுவார். அந்த வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து அடுக்கி, முன்போலவே மறுபடியும் பரப்பிக் கேட்கிறோம். மூன்றாம் முறையும் அவ்வாறே. பிறகு கட்டைக் கவிழ்த்து மேலிருந்து எண்ணினால் 11ஆம் சீட்டு அவர் நினைத்த சீட்டாக இருக்கும்.

வித்தை ஒருபோதும் தவறுவதில்லை. ஆனால் பார்ப்பவர்கள் வியப்பதும் இல்லை! பள்ளி நாட்களில் ஒரு திருமண வீட்டில் உறவினர்கள் நடுவே இதைப் பெருமையோடு செய்துகாட்டினேன். மூன்றாம் முறை பரப்பிக்கொண்டிருந்தபோதே ஒரு பெரியவர், "கணக்கு ஏதோ இருக்குடா தம்பி, முடிச்சிட்டுச் சொல்லு" என்று கூறிவிட்டு வெற்றிலைத் தட்டின் பக்கம் திரும்பிவிட்டார். இரகசியம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆவலும் அவருக்கு எழவில்லை. தோல்வி அதுதான். சீட்டை நான் சரியாகவே எடுத்துக்காட்டினேன். அதைப் பார்க்க யாரும் அங்கில்லை.

ஏன் இப்படி நேர்ந்தது என்பதைப் பார்க்குமுன், வித்தையின் உள்ளே நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

முதல் பதிலைக் கேட்டவுடன் 21 சீட்டுகளில் 14 கழிந்துவிடுகின்றன, மீதி ஏழுதான். அந்த ஏழும் கட்டின் நடுவில், அதாவது 8 முதல் 14 வரையுள்ள இடங்களில் அமர்கின்றன. மறுபடி மூன்று மூன்றாகப் பரப்பும்போது 8, 9 இரண்டும் மூன்றாம் படியிலும், 10, 11, 12 மூன்றும் நான்காம் படியிலும், 13, 14 இரண்டும் ஐந்தாம் படியிலும் விழும். ஆகவே இரண்டாம் பதில் எதுவாயினும் மிஞ்சுவது அதிகமாகப் போனால் மூன்று சீட்டுகளே. அந்த வரிசையை மீண்டும் நடுவில் வைத்தால் அவை 10, 11, 12 என்ற இடங்களுக்கு வந்துவிடும். மூன்றாம் முறை பரப்பும்போது இம்மூன்றும் ஒரே படியில், ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து நிற்கும். எந்த வரிசையை அவர் காட்டினாலும் அதன் நான்காம் சீட்டுதான் விடை.

மூன்று விடைகளில் ஒன்றைச் சொல்லக்கூடிய கேள்வியை இருமுறை கேட்டால் 3 × 3 = 9 பொருள்களைத்தான் பிரித்தறிய முடியும். மும்முறை கேட்டால் 27. நம்மிடம் இருப்பவை 21. எனவே மூன்று கேள்விகள் தேவை, மூன்றே போதும். இதை வித்தையின் உள்கணக்கு என்று அழைப்போம்.

அந்தப் பெரியவரின் கண்ணில் பட்டது வேறு. பையன் சீட்டைப் பரப்புகிறான், அள்ளுகிறான், மறுபடி பரப்புகிறான். மும்முறை 21, ஆக 63 சீட்டுகள்! எதற்காக இப்படிச் செய்கிறான்? காரணம் எதுவும் தெரியவில்லை. காரணமில்லாத செயலைக் கண்டால், இரகசியம் அங்கேதான் இருக்கிறது என்று மனித மனம் உடனே முடிவு கட்டிவிடும். கடைசியில் 11 என்று எண்ணியது இன்னும் மோசம். ஏன் 11? ஏன் 10 இல்லை, 15 இல்லை? நானே போய் "ஆமாம், இது கணக்குதான்" என்று ஒப்புக்கொண்டது போலாயிற்று.

கடிகாரத் தொழிலிலிருந்து மேடைக்கு வந்த பிரெஞ்சு மந்திரவாதி ராபர்ட் ஊதேன், 1868இல் வெளியிட்ட தம் நூலில், வித்தைக்காரன் என்பவன் மந்திரவாதியாக வேடம் தாங்கும் ஒரு நடிகன் என்று எழுதினார். நாடகத்தில் ஒருவன் காரணமின்றி எழுந்து நடந்தால் பார்ப்பவர்கள் சலிப்படைவார்கள்; கதவு தட்டும் ஓசை கேட்டு எழுந்தால் ஒப்புக்கொள்வார்கள். சீட்டு வித்தைக்கும் அப்படியொரு வெளிக்கணக்கு வேண்டும். கையின் ஒவ்வோர் அசைவுக்கும் பார்ப்பவர் ஏற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். அது உண்மையான காரணமாக இருக்கத் தேவையில்லை. இருக்கவும் கூடாது!

இனி அதே 21 சீட்டுகளை வேறு விதமாகப் பரப்பிப் பாருங்கள்.

"இது ஓர் ஊர். மூன்று தெரு, தெருவுக்கு ஏழு வீடு. இந்த 21 பேரில் ஒருவன் திருடன். அவனைப் பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான். அவன் பெயரைச் சொல்ல வேண்டாம், சொன்னால் உங்களுக்கு ஆபத்து. எந்தத் தெருவில் இருக்கிறான் என்று மட்டும் காட்டுங்கள்."

சீட்டின் பெயரைச் சொல்லாமல் வரிசையை மட்டும் காட்டுவதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவர் காட்டிய வரிசையை நடுவில் வைக்கிறீர்கள். "அந்தத் தெருவுக்கு இரு பக்கமும் காவல் போட்டாயிற்று." மறுபடி பரப்புகிறீர்கள். "காவலைக் கண்டு பயந்து அன்றிரவே ஊரார் எல்லாரும் வீடு மாறிவிட்டார்கள். இப்போது எந்தத் தெரு?" மூன்றாம் முறை பரப்புவதற்கும் இதே காரணம் செல்லும். உள்கணக்கில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் முன்பு சலிப்பூட்டிய அதே அசைவுகளில் இப்போது ஒரு துரத்தல் நடக்கிறது. பேச்சு நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை வேலை செய்துகொண்டே இருக்கட்டும். பார்வையாளர் தம் சீட்டைப் பக்கத்திலுள்ள ஒருவரிடம் காதோடு சொல்லி வைக்குமாறும் செய்யுங்கள். அவர் மறந்துவிட்டால் உங்கள் உழைப்பு முழுவதும் வீண்.

மூன்றாம் முறை தெருவைக் காட்டியதும் நான்காம் வீட்டை ஒரு நொடி பார்த்து, சீட்டை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்ட்டின் ராணி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கண் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பார்ப்பவர்கள் உங்கள் கண் போகும் வழியே போவார்கள். 2006இல் குஸ்டாவ் குன், மைக்கேல் லாண்ட் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்றில், வித்தைக்காரர் பந்தை மேலே எறிவதுபோல் பாவனை செய்து, கையிலேயே மறைத்துக்கொண்டார். அவர் தலையும் கண்ணும் மேல்நோக்கிப் போனபோது, பந்து மேலே பறந்ததைக் கண்டதாகவே பலர் கூறினர். அவர் தம் கையையே பார்த்துக்கொண்டு அதைச் செய்தபோது அப்படிக் கூறியவர்கள் மிகவும் குறைந்துவிட்டனர். ஆகையால் சாட்சியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

இப்போது வித்தையின் மிக முக்கியமான கட்டம். எண்ணாதீர்கள்! சீட்டுகளை அள்ளி அவர் கையிலேயே கொடுத்து, "திருடன் மாறுவேடத்தில் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான், நன்றாகக் கலையுங்கள்" என்று கூறுங்கள். சீட்டு எதுவென்று உங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டதால், எவ்வளவு கலைத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. பார்ப்பவர் கணக்கு வேறு விதமாக ஓடும். இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கப் போகிறார் என்று யாரேனும் ஊகித்துக்கொண்டிருந்தால், அந்த ஊகம் இந்தக் கலைப்போடு சிதறிவிடும். வித்தை இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்று அவர் எண்ணுவார். உண்மையில் அது முடிந்து அரை நிமிடம் ஆகியிருக்கும்.

பிறகு அடையாள அணிவகுப்பு. சீட்டுகளை முகம் தெரியப் பரப்பி, சாட்சியின் விரலை அவற்றின் மேல் மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். அவர் மணிக்கட்டை லேசாகத் தொட்டு நாடி பார்ப்பதுபோல் இருங்கள். ஆர்ட்டின் ராணியை ஒருமுறை தாண்டிப் போக விடுங்கள். திரும்பி வரும்போது நிறுத்துங்கள். முதல் முறையே நிறுத்தினால் தெரிந்து செய்தது போலிருக்கும்.

எண்ணுவதே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். யார் சொன்ன எண் என்பதுதான் கேள்வி. 27 சீட்டுகளைக் கொண்டு செய்யும் வித்தையில் இது தெளிவாகும். இதன் கணிதத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜெர்கோன் 1813-14ஆம் ஆண்டில் ஆராய்ந்து பொதுமைப்படுத்தினார். இங்கே நினைத்த சீட்டை 1 முதல் 27 வரை எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் கொண்டுவரலாம். தெருவுக்கு ஒன்பது வீடு. தொடங்கும் முன்பே சாட்சியிடம், "திருடனை எத்தனையாம் எண் அறையில் அடைக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள்.

அவர் 20 என்று சொன்னால் அதில் ஒன்றைக் கழியுங்கள்: 19. இதை ஒன்பதுகள், மூன்றுகள், ஒன்றுகள் எனப் பிரியுங்கள். இரண்டு ஒன்பது 18, மூன்று இல்லை, மீதி 1. ஒன்றின் இலக்கம் முதல் அடுக்கலுக்கும், மூன்றின் இலக்கம் இரண்டாம் அடுக்கலுக்கும், ஒன்பதின் இலக்கம் கடைசி அடுக்கலுக்கும் உரியவை. இலக்கம் 0 என்றால் அவர் காட்டிய வரிசை மேலே. 1 என்றால் நடுவில். 2 என்றால் அடியில். ஆக, 20க்கு முதலில் நடு, பிறகு மேல், கடைசியில் அடி. மேல், அடி என்பவை முகம் கவிழ்ந்த கட்டைக் குறிப்பவை. ஆகையால் ஒவ்வொரு வரிசையையும் சேர்த்துக் கவிழ்த்து வைத்த பிறகே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். இல்லாவிட்டால் தலைகீழாகப் போய்விடும். மூன்றாம் அடுக்கல் முடிந்ததும் கட்டை அவர் கையில் கொடுத்துவிடலாம். அவரே எண்ணட்டும். 20ஆம் சீட்டைத் திருப்பும்போது ஏன் 20 என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அது அவர் சொன்ன எண்ணல்லவா!

அவர் 14 என்று சொன்னால் உங்களுக்கு வேலை மிச்சம். 13 என்பது ஓர் ஒன்பது, ஒரு மூன்று, ஓர் ஒன்று. மும்முறையும் நடுவிலேயே வைத்துவிடலாம். வேறு எண்களைச் சொன்னால் எப்படி அடுக்குவது என்பதை, மேடை ஏறுமுன் வீட்டில் தனியே ஐந்தாறு எண்களை வைத்துச் செய்து பாருங்கள். வாய் திருடன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் ஒன்பதையும் மூன்றையும் பிரித்தாக வேண்டும். எனக்கு இது கைவர ஒரு வாரம் பிடித்தது.