செங்கல்பட்டு: அளந்து தீராத சீமை

தாமஸ் பர்னார்ட் என்ற கிழக்கிந்தியக் கும்பினி இன்ஜினீயர் 1767-இல் செங்கல்பட்டுச் சீமையை அளக்க இறங்கினார். வேலை முடிய 1774 ஆயிற்று. இரண்டாயிரம் ஊர்களுக்கு மேல். ஒவ்வோர் ஊரிலும் நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி குளம் எத்தனை, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு என்று எழுதினார்கள். களத்தில் நெல் குவிந்ததும் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு, ஏரி மராமத்துக்கு எவ்வளவு என்ற பங்குக் கணக்கும் அதில் உண்டு. ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. தரம்பால் போன்ற ஆய்வாளர்கள் இந்தக் கணக்குகளின் அருமையை எடுத்துச் சொன்ன பிறகு, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் அச்சில் நூலாகவே வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு ஊர் ஒன்று எப்படிப் பிழைத்தது என்று அறிய விரும்புகிறவர்கள் முதலில் திறக்க வேண்டியது இந்தக் கணக்குகளைத்தான்.

எதற்காக அளந்தார்கள்? 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்திருந்தார். அதுவரை கடலோரத்தில் ஒரு கோட்டையும் சில கிராமங்களுமாக இருந்த சென்னைப்பட்டணத்துக்கு நெல்லும் வரியும் தரும் நிலம் அப்போதுதான் பெரிய அளவில் கைக்கு வந்தது. அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. சென்னைக்கு எது தேவைப்பட்டாலும், அது நெல்லோ, தண்ணீரோ, தொழிற்சாலைக்கு இடமோ, வீட்டு மனையோ, செங்கல்பட்டுப் பக்கம் அளவுச் சங்கிலி வந்துவிடுகிறது.

ஊரின் குணம் எது என்று கேட்டால் சிலர் ரயில் ஜங்ஷனைச் சொல்வார்கள், சிலர் கொளவாய் ஏரியை, சிலர் பரனூர் சுங்கச்சாவடி நெரிசலை. என்னைக் கேட்டால் நிலக் கணக்கைச் சொல்வேன். இந்த மண் யாருடையது, இந்தத் தண்ணீர் யாருக்கு என்ற இரண்டு கேள்விகளை இருநூற்றைம்பது ஆண்டுகளாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர் இது. அந்தக் கேள்விகளுக்கு இங்கே கிடைத்த பதில்கள் தமிழ்நாடு முழுவதையும் தொட்டன.

கோட்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஜயநகர ஆட்சியில் எழுந்தது. 1751-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1752-இல் கிளைவ் மீட்டார். 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலி முறியடித்தபோது, காஞ்சிபுரத்தில் இருந்த கும்பினித் தளபதி மன்றோ பின்வாங்கி ஓடிவந்து ஒதுங்கியது இந்தக் கோட்டைக்குத்தான். பிறகு ரயில் பாதை கோட்டையை ஊடறுத்துக்கொண்டு போனது. இன்று மதிலின் மிச்சங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏரிகளைப் பற்றி அப்படிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. செங்கல்பட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. பாலாறு இந்த மாவட்டத்தைக் கடந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஆனால் வெள்ளம் வரும் சில நாட்களைத் தவிர ஆண்டு முழுவதும் மணல்தான். அதனால் முன்னோர்கள் ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்து வைக்க, சரிவு கண்ட இடமெல்லாம் கரை போட்டார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கீழ் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. கொளவாய் ஏரியின் உபரிநீர் நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றுக்குப் போகிறது. இந்தத் தொடரில் ஒரு கண்ணியை உடைத்தால் கேடு அந்த ஓர் ஏரியோடு நிற்காது. மேலே உள்ள ஊர் மூழ்கும், கீழே உள்ள ஊர் காயும்.

1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். ஹைதர் அலி படையெடுப்பில் சிதைந்து கிடந்த ஏரிகளைச் செப்பனிடுவதில் அவர் காட்டிய முனைப்புதான் மதுராந்தகம் கதையில் உறைந்திருக்கிறது. அடிக்கடி உடையும் ஏரிக்கரை ஒரு புயல் இரவில் உடையாமல் நின்றது. பார்க்கப் போன பிளேஸ் துரைக்கு, வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்ற காட்சி தெரிந்தது. அவர் அங்குள்ள ராமர் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டித் தந்தார், சுவாமி ‘ஏரி காத்த ராமர்’ ஆனார். நம்புகிறவர்கள் நம்பட்டும். ஏரியைக் காப்பதே தெய்வம் செய்யும் வேலை என்று ஓர் ஊர் நினைத்ததே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே பிளேஸிடம்தான் வேடந்தாங்கல் மக்களும் போனார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடுகிறார்கள், தடுக்க வேண்டும் என்று கேட்டு உத்தரவு வாங்கினார்கள். அந்த ஆவணம் தொலைந்து போக, 1858-இல் மறுபடியும் வாங்கினார்கள். பறவைக் கழிவு கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு வேண்டாம் என்று உழவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றும் அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 2020-இல் சரணாலய எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகக் குறைக்க யோசனை வந்தபோது தமிழ்நாடே எதிர்த்துக் குரல் கொடுத்தது. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன.

இந்தச் சீமையின் பெருமைகளைச் சொல்லும் பலர் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. பர்னார்ட் அளந்த நிலத்தில் உழுதவர்கள் யார், உடையவர்கள் யார்? மிராசுதார்களுக்கு ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை. தரிசு நிலத்துக்கு யாராவது தர்க்காஸ்து மனு போட்டாலும் முதல் உரிமை அவர்களுக்கே. படியாட்களாக உழைத்த பறையர்களுக்குச் சொந்த நிலம் எட்டாக்கனி. குடியிருந்த குடிசையின் அடிமனைகூடப் பல இடங்களில் அவர்களுடையது இல்லை. 1891-இல் இங்கே கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் கொடுக்காமல் இவர்கள் நிலை மாறாது என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1892-இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு வேர். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். பட்டியல் சாதியினர் தவிர வேறு எவருக்கும் விற்க முடியாது, விற்றால் செல்லாது என்ற நிபந்தனையுடன் தரப்பட்டவை அவை. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893-இல். காலமும் இடமும் இப்படி ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன.

அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று உரியவர் கையில் இல்லை. மாமல்லபுரம் அருகே காரணை என்ற ஊரில், பறிபோன பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். தமிழ்நாட்டுத் தலித் நிலவுரிமை இயக்கம் அந்த நாளை இன்றும் மறக்கவில்லை. பஞ்சமி நில ஆணைக்கு வித்திட்ட அதே ஊரில், நூறாண்டு கழித்து, அந்த ஆணையை நிறைவேற்றச் சொன்னவர்கள் சுடப்பட்டார்கள். இந்த ஊரைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

பெண்ணுக்குச் சொத்து என்ற பேச்சும் இங்கே எழுந்ததுதான். 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு செங்கல்பட்டில் கூடியது. டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன் தலைமை, பெரியார் முன்னிலை. பெண்களுக்கு ஆணுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டும், சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானங்கள். வாரிசுரிமையில் மகளுக்கும் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 1989-இல், சரியாக அறுபது ஆண்டு கழித்து. பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாத தமிழர் பழக்கம் வேறு மாநிலத்தவரை இன்றும் வியக்க வைக்கிறது. அதைத் தீர்மானமாக்கிய ஊர்களில் செங்கல்பட்டு முன்னால் நிற்கிறது.

நிலத்தைப் போலவே மனிதர்களையும் இங்கே அளந்திருக்கிறார்கள். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தில், பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய மாபெரும் ஆய்வு தொடங்கியது. சுமார் மூன்றரை லட்சம் பேரை உட்படுத்தி, பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு உலக மருத்துவத்தையே உலுக்கியது. ‘செங்கல்பட்டு ஆய்வு’ என்றால் எந்த நாட்டுக் காசநோய் நிபுணருக்கும் தெரியும். திருமணியில் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதே திருமணியில் 100 ஏக்கரில் கட்டிய தடுப்பூசி வளாகம் கொரோனா காலத்தில்கூட ஊசி தயாரிக்காமல் கிடந்தது. 2021-இல் முதல்வர் ஸ்டாலின் நேரில் வந்து பார்த்து, அதை மாநிலத்திடம் ஒப்படைக்குமாறு ஒன்றிய அரசைக் கேட்டார்.

கடற்கரைப் பக்கம் போனாலும் கதை இதுதான். மாமல்லபுரத்தின் பல்லவச் சிற்பங்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. 1984-இல் யுனெஸ்கோ பட்டியல், 2004 சுனாமிக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட பழைய செங்கல் முருகன் கோயில், 2019-இல் மோடி–ஷி சந்திப்பு, 2022-இல் செஸ் ஒலிம்பியாட் எல்லாம் வாசகர் அறிந்தவை. 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியும், 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் அந்த மரபு இன்னும் தொழிலாக வாழ்வதைக் காட்டுகின்றன. எனக்குச் சொல்லத் தோன்றுவது சிற்பத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் இருப்பவை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு, 2013-இல் ஒன்று, 2024-இல் ஒன்று. சேர்ந்து நாளொன்றுக்கு 25 கோடி லிட்டர் தரும் திறன் கொண்டவை, அந்தத் தண்ணீர் சென்னைக்கு. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-இல் தொடங்கியது. இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தைத் தயாரிக்க விஷம் தருவதில் பெரும்பங்கு அவர்களுடையது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நாடு முழுவதும் உயிர் காக்கும் அந்தச் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்கள் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் வாழ்கின்றன. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வந்தது 2021 தீபாவளி அன்று. உலக மரபுச் சின்னம் என்ற பெருமை வந்து முப்பத்தேழு ஆண்டு கழித்து.

இப்போது நிலத்துக்குப் போட்டி வேறு விதம். சென்னையின் நெரிசலைக் குறைக்க மறைமலை நகர் எழுந்தது. ஃபோர்டு அங்கே ஆலை கட்டி 1999 முதல் கார் தயாரித்தது. ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் உதிரிபாக ஆலைகள் முளைக்க, இந்த வட்டாரத்துக்கு ‘தெற்காசியாவின் டெட்ராய்ட்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு வெளியேற்றத்தை அறிவித்து, 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. அமெரிக்க டெட்ராய்ட் ஒரே தொழிலை நம்பி, அந்தத் தொழில் விலகியதும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இழந்த நகரம் என்பதைப் பட்டம் சூட்டியவர்கள் நினைத்துப் பார்த்தார்களா தெரியவில்லை. ஃபோர்டு திரும்பி வருவதாக அறிவித்திருப்பது நல்ல செய்தி. ஆனால் ஒரு மாவட்டத்தின் எதிர்காலம் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு முடிவில் தொங்குவது நல்லதல்ல.

2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தலைமையிடம் நெடுங்காலம் சைதாப்பேட்டை, 1968-க்குப் பிறகு காஞ்சிபுரம். 1997 பிரிவினையில் மாவட்டப் பெயரும் போயிற்று. பெயரும் கலெக்டரும் ஒருசேர ஊருக்கு வந்தது இப்போதுதான். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி, 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் என்று வேகம் கூடிக்கொண்டே போகிறது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் என்று மனைப்பிரிவுக் கொடிகள் தெற்கே நகர்கின்றன. எந்தக் கொடியின் கீழும் இது முன்னாள் ஏரியின் வாய் என்று எழுதியிருப்பதில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரில் முதல் மாடி வரை தண்ணீர் ஏறியதும், படகில் மக்களை மீட்டதும் இந்த மாவட்டத்தில்தான் நடந்தது.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஊர் ஊராக ஏரியையும் பங்கையும் எழுதி வைக்க முடிந்த சீமையில், இன்று ஒவ்வோர் ஏரியின் எல்லையையும், வரத்துக் கால்வாயையும், ஒவ்வொரு பஞ்சமி நில சர்வே எண்ணையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைப்பது முடியாத காரியமல்ல. செங்கல்பட்டுப் பக்கம் மனை பார்க்கும் வாசகர்களுக்கும் ஒன்று. முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த சர்வே எண்ணின் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள், பழைய பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்தால் அதையும் கேளுங்கள். ஏரி, கால்வாய், மேய்க்கால், பஞ்சமி என்று எந்தக் குறிப்பு இருந்தாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், அந்த மனையை வாங்காதீர்கள்.