கரிசல் காட்டில் கட்டடம்: சுவர் வெடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை பகுதிகளில் மோட்டார் ரூம், மாட்டுத் தொழுவம், வீடு எதைப் பார்த்தாலும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலை அடிக்கடி காணலாம். உடனே கொத்தனாரைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் அடியில் இருக்கும் மண்தான்.

கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது ஏடு ஏடாக அடுக்கியது போன்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து மண் உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும். பருத்திக்கு ஈரம் காத்துக் கொடுக்கும் அதே குணம் சுவருக்கு ஆகாது. மழையில் கட்டடத்தின் ஓரம் மேலே தள்ளப்படும். நடுவில் மண் காய்ந்தே கிடக்கும்.

கட்டும் முன் மண்ணைச் சோதியுங்கள். காயவைத்து நைசாகச் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவு சாடிகளில் போட்டு, ஒன்றில் 100 மி.லி. வரை காய்ச்சி வடித்த நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கிளறி, 24 மணி நேரம் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 மி.லி., நீரில் 16 மி.லி. நின்றால் உப்புத்திறன் 60 சதம். 50 சதத்தைத் தாண்டினாலே சாதாரண வானம் போதாது. 100-ஐத் தாண்டினால் பொறியாளரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சிறிய கட்டடத்துக்கு, வானத்துக் கரிசலை அகற்றிவிட்டு, செம்மண் கலந்த கிராவலை மெல்லிய அடுக்குகளாகக் கொட்டி, நீர் தெளித்து இடித்து இறுக்கலாம். பலர் மணல் கொட்டுகிறார்கள். வெறும் மணலில் நீர் எளிதாக இறங்கி அடிக் கரிசலில் தேங்கும்.

தளத்துக்கு அடியில் இருக்கும் மண்ணுக்குச் சுண்ணாம்பு நல்லது. 100 கிலோ மண்ணுக்கு 4 முதல் 6 கிலோ நீற்றிய சுண்ணாம்பு. கட்டிகளை உடைத்துக் கலந்து, ஈரத்தோடு ஓரிரு நாள் மூடி வைத்து, மீண்டும் கிளறி இறுக்குங்கள். கண்ணையும் கையையும் மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். களர் நிலத்துக்கு இடும் ஜிப்சத்தை இதில் சேர்க்கவே கூடாது. சுண்ணாம்போடு சேர்ந்து மண்ணை மேலும் உப்ப வைக்கும்.

குடியிருக்கும் வீட்டுக்கு, அடியில் குமிழ் போல் விரிந்த 'அண்டர் ரீம்டு பைல்' அடித்தளமே என் பரிந்துரை. ஏறக்குறைய 3.5 மீட்டர் ஆழத்தில், ஈரம் அதிகம் மாறாத மண்ணில் அது ஊன்றி நிற்கும்.

ஏற்கெனவே கட்டியாயிற்றா? சுவரோரம் நீர் நிற்க விடாதீர்கள். சுற்றிலும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். குழாய்க் கசிவையும் தொழுவக் கழுநீரையும் தள்ளி விடுங்கள். சுவரோரப் பெரிய மரத்தை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். அது உறிஞ்சி வந்த ஈரம் இனி மண்ணிலேயே தங்கி உப்பும்.

விரிசலின் முனையில் பென்சிலால் தேதி குறித்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பாருங்கள். நீளாமல் நின்ற பிறகு பூசலாம். நீண்டுகொண்டே போனால் பூச்சு நிற்காது. பொறியாளரை அழைத்து அடித்தளத்தைக் காட்டுங்கள்.