இந்தப் பக்கத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள்?

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு கேமரா கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக் கொண்டிருந்தேன். அதே டெஸ்ட் மெஷினில் என் நண்பர் ஒருவரும் தன் புரோகிராமை ஓட விட்டிருந்தார். இரண்டு நாள் ஓடிச் சேர்த்த அவருடைய ரிசல்ட் பைலைத் திறந்தால் நடுவில் ஒரே குப்பை! எந்த எர்ரர் மெசேஜும் இல்லை. ரேம் போய்விட்டது என்று முடிவு கட்டி, ரேமை மாற்றினோம். இரவு முழுக்க மெமரி டெஸ்டும் ஓட்டினோம். ரேம் நன்றாகவே இருந்தது.

கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது. குப்பை ஆரம்பித்த இடம் 4096-ன் சரியான பெருக்குத் தொகை. குப்பையின் நீளமும் 4096 பைட்டுகள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனெனில் 4096 பைட் என்பது ஒரு மெமரி பக்கத்தின் அளவு. அந்தக் குப்பை, என் கேமரா எடுத்த படத்தின் ஒரு துண்டு.

இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம்.

நம் பிசிக்களில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல், ரேமை 4 கேபி கொண்ட பக்கங்களாகப் பிரித்து நிர்வகிக்கிறது. ஒரு பக்கத்தை ஒரே சமயத்தில் பலர் பயன்படுத்தலாம். உதாரணமாக, பல புரோகிராம்களுக்கும் பொதுவான லைப்ரரி பைல் ரேமில் ஒரு முறைதான் ஏற்றப்படும். எல்லாப் புரோகிராம்களும் அதே பக்கங்களைத்தான் பார்க்கின்றன. அப்படியானால் ஒரு பக்கத்தை எப்போது காலி என்று அறிவிப்பது?

ஹாஸ்டல் அறை ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். நான்கு பேருக்கு ஒரே சாவி. கதவில் ஒரு சிலேட்டு. உள்ளே வருபவர் எண்ணில் ஒன்றைக் கூட்ட வேண்டும், போகிறவர் ஒன்றைக் கழிக்க வேண்டும். பூஜ்யம் ஆக்குகிறவர் அறையைப் பூட்டிச் சாவியை வார்டனிடம் கொடுக்க வேண்டும். கெர்னல் செய்வதும் இதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எண்ணிக்கை உண்டு. லினக்ஸில் இதைக் கூட்டும் பங்ஷன் கெட்_பேஜ். கழிப்பது புட்_பேஜ். பூஜ்யம் ஆனதும் பக்கம் வேறு யாருக்கு வேண்டுமானாலும் போகும்.

கழிக்க மறந்தால் மெமரி வீணாகும், அவ்வளவுதான். கூட்ட மறந்தால்தான் ஆபத்து. நான் செய்தது அதுதான். புரோகிராமை எண்ணினேன், பக்கத்தில் நேரடியாக எழுதும் கார்டை எண்ணவில்லை. புரோகிராமைத் திடீரென்று நிறுத்தியபோது எண்ணிக்கை பூஜ்யமாகி, பக்கம் நண்பரின் பைலுக்குப் போய்விட்டது. கார்டு பாவம், தன் பாட்டுக்குப் படத்தை எழுதிக் கொண்டே இருந்தது.

சரியாக எண்ணினால் மட்டும் போதாது. சிபியூவில் பல கோர்கள் இருக்கின்றனவே! இரண்டு கோர்கள் ஒரே நொடியில் சிலேட்டைப் பார்த்து 2 என்று படிக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். இரண்டுமே 3 என்று எழுதிவிட்டுப் போகும். இருக்க வேண்டியது 4. எனவே படித்து, கூட்டி, எழுதுவதை யாரும் குறுக்கே வர முடியாத ஒரே செயலாகச் செய்யும் கட்டளைகள் சிபியூவில் உள்ளன. கெர்னல் அவற்றையே பயன்படுத்துகிறது.

இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பக்கம் தேடிக் கிடைத்து, அதன் எண்ணைக் கூட்டப் போவதற்குள் கடைசி ஆள் கிளம்பிவிட்டால்? பூஜ்யத்தை ஒன்றாக்குவது, வார்டனிடம் போய்விட்ட அறைக்குள் நுழைவது போல. எனவே 'பூஜ்யம் இல்லை என்றால் மட்டும் கூட்டு' என்று ஒரு தனி வழி இருக்கிறது. கூட்டிய பிறகு, நாம் தேடிய அதே பக்கம்தானா என்று மறுபடியும் சரி பார்க்கிறது கெர்னல். இந்த இரண்டாவது பார்வை இல்லாவிட்டால் முழுத் திட்டமும் வீண்.

எண்ணிக்கையை வேண்டுமென்றே ஏற்றிக் கொண்டே போனால் என்ன ஆகும்? அது 32 பிட் எண். 429 கோடியைத் தாண்டினால் மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும், பழைய ஸ்கூட்டர் மீட்டர் போல. சுமார் 140 ஜிபி ரேம் உள்ள மெஷினில் இது சாத்தியம் என்று 2019-ல் தெரிய வந்தது. கண்டுபிடித்தவர் கூகுள் புராஜெக்ட் ஜீரோவின் யான் ஹார்ன். பைப்பில் உள்ள டேட்டாவை நகலெடுக்காமல், பக்கத்தின் எண்ணிக்கையை மட்டும் கூட்டும் டீ என்றொரு சிஸ்டம் கால் இருக்கிறது (குடிக்கும் டீ அல்ல!). அது போன்ற வழிகளில் எண்ணை ஏற்ற முடிந்தது.

64 பிட் ஆக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கெர்னல் வைத்திருக்கும் குறிப்பு வழக்கமாக 64 பைட். 8 ஜிபி ரேமில் இதுவே 128 எம்பி. அங்கே ஒரு பைட் கூட்டவும் யோசிப்பார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 2019-ல் சேர்த்த தீர்வு எளிமையானது. எண் பாதி தூரம், அதாவது சுமார் 214 கோடியைத் தாண்டியதும் அது மைனஸாகத் தெரியும். மைனஸ் என்றால், இத்தகைய வழிகளில் வருபவருக்கு 'இடமில்லை' என்று மறுத்துவிடும். மே 2019-ல் வந்த 5.1 கெர்னலில் இது இருக்கிறது.

என் டிரைவரின் திருத்தம் இரண்டே வரிகள். கார்டுக்குப் பக்கத்தைக் கொடுக்கும்போது ஒரு கெட்_பேஜ். கார்டு நின்றது உறுதியான பின் ஒரு புட்_பேஜ். நண்பர் தன் டெஸ்ட்டை மறுபடியும் இரண்டு நாள் ஓட்டினார், இந்த முறை வேறு மெஷினில்.