விசையும் விரலும்



விடுதியில் இரவு உணவு முடிந்ததும் நம்மில் பலர் கைப்பேசியும் கையுமாய் அமர்ந்துவிடுகிறோம். பாட்டு, சமையல், கிரிக்கெட் என ஓடும் படங்களுக்கிடையே துப்பாக்கி சுடும் படங்களும் வந்து நிற்கின்றன. எங்கோ ஓர் அமெரிக்கர் தர்ப்பூசணியைச் சுட்டுச் சிதறடிக்கிறார். நம் நாட்டு இளைஞன் ஒருவன் திரைப்பாடலுக்கு ஏற்பத் துப்பாக்கியைச் சுழற்றுகிறான். பார்க்கிறோம், சிரிக்கிறோம், அடுத்த படத்திற்குப் போய்விடுகிறோம். சென்ற தசரா விடுமுறை வரையில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சித்தூருக்கு மேற்கே காட்டை ஒட்டியது எங்கள் ஊர். வேர்க்கடலை முற்றும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாகக் கொல்லையை உழுதுவிட்டுப் போகும். ஆகவே என் பெரியப்பா உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கிறார். பயிர்க்காவலுக்கென, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இடம் தருகிறது. பெரியப்பா பன்றியைக் கொல்வதில்லை. ஓசையால் விரட்டுவதோடு சரி. அதனால் கருமருந்தும் தேங்காய் நார் அடைப்பும் மட்டுமே இடுவார், ரவை இடமாட்டார்.

ஒரு நாள் மாலை, இண்டர்மீடியட் படிக்கும் அவர் மகன் அத்துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்தான். தங்கை கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். அவன் குழலை நேரே கைப்பேசியை நோக்கி நீட்டி, விசையின்மேல் விரலை வைத்து, கண்ணைச் சுருக்கினான். இன்னும் கொஞ்சம் கிட்டே வரும்படி தங்கையிடம் சொன்னான். திண்ணையில் இருந்த நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அப்போது கொல்லையிலிருந்து பெரியப்பா வந்தார். அவர் கூச்சலிடவில்லை. பக்கவாட்டில் நடந்து சென்று, குழலைப் பிடித்துக் கூரைப் பக்கம் உயர்த்தி, துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

“குண்டு இல்லியேப்பா, வெறும் மருந்துதானே?” என்றான் தம்பி.

பெரியப்பா முதலில் கேப்பு எனப்படும் சிறு செப்புத் தொப்பியைக் கழற்றினார். பின்னர் மருந்தை இடித்து இறுக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டார். அக்கம்பியில் ஒரு கோடு உண்டு. குழல் வெறுமையாயின் கோடு வரைக்கும் உள்ளே இறங்கும். அன்று கோடு வாய்க்கு மேலே மூன்று விரற்கடை உயரத்தில் நின்றது. முந்திய இரவு கெட்டித்த மருந்து அப்படியே இருந்தது!

அவர் எங்களைக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். மண்மேட்டின் முன் ஓர் அழுகிய பறங்கிக்காயை வைத்து, எங்களைத் தமக்குப் பின்னால் நெடுந்தொலைவு நிற்கச் சொல்லி, ஒரு சாண் தூரத்திலிருந்து சுட்டார். புகை கலைந்தபின் பார்த்தோம். காயின் முன்பக்கம் இல்லை. ரவை ஒன்றுகூட இல்லாத வெறும் மருந்தும் நாரும் செய்த வேலை அது.

“தப்புல பாதி உன்னுது, கெட்டிச்ச துப்பாக்கியச் சுவத்துல மாட்டின என்னுது பாதி” என்றார் பெரியப்பா. தங்கை அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் முதல் துப்பாக்கி பெட்டிக்குள் பூட்டப்பட்டது. கேப்பு வேறோர் இடத்தில் வைக்கப்பட்டது.

இது எங்ஙனம் நிகழ்கிறது? விசையை இழுத்தால் துப்பாக்கியின் குதிரை விழுந்து கேப்பை அடிக்கிறது. அதில் பிறக்கும் பொறி மருந்தைப் பற்ற வைக்கிறது. நொடிப்பொழுதில் மருந்து சூடான வாயுவாகி, குழலின் வாயை நோக்கிப் பாய்கிறது. முன்னால் குண்டு இருந்தால் குண்டைத் தள்ளும். இல்லையேல் அடைப்பைத் தள்ளும். அருகில் நிற்பவர்க்கு இரண்டும் ஒன்றே.

1984இல் ஜான் எரிக் ஹெக்சம் என்னும் அமெரிக்க நடிகர், படப்பிடிப்பின் இடைவேளையில், வெற்றுத் தோட்டா இட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தம் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை இழுத்தார். தோட்டாவில் குண்டு இல்லை. ஆயினும் அதன் விசை மண்டையோட்டை உடைத்து எலும்புத் துண்டை மூளைக்குள் செலுத்தியது. சில நாட்களில் அவர் இறந்தார். 1993இல் பிராண்டன் லீ இறந்ததும் படப்பிடிப்பில்தான். முன்பு எடுத்த ஒரு காட்சியின்போது குழலுக்குள் சிக்கிய குண்டை எவரும் கவனிக்கவில்லை. பின்னர் இட்ட வெற்றுத் தோட்டா அதனை வெளியே தள்ளியது. 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ படத்தின் ஒத்திகையில், பாதுகாப்பானது என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட துப்பாக்கி வெடித்தது. மாண்டவர் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ். அவரும் படக்கருவியின் பக்கம் நின்றவரே. அதைப் படித்தபோது கைப்பேசி ஏந்திய என் தங்கைதான் என் கண்முன் நின்றாள்.

இவையெல்லாம் பெரும் படக்கூடங்களில் நடந்தவை. 2017 ஜூனில் மினசோட்டா மாநிலத்தில் நடந்ததோ யூடியூபுக்கென்றே எடுத்த படம். இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் தடித்த கலைக்களஞ்சியத்தை மார்பில் அணைத்துக்கொண்டு, தன் காதலியை ஏறத்தாழ ஓரடித் தொலைவிலிருந்து சுடச் சொன்னான். வேறொரு புத்தகத்தைக் குண்டு துளைக்காமல் நின்றதை அவளுக்குச் சான்றாகக் காட்டியும் இருந்தான். இம்முறை குண்டு துளைத்தது, இளைஞன் மாண்டான். ஒரு முறை தப்பியது பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

துப்பாக்கிப் படங்களின் உண்மையான குறை இதுதான்: அவை ஓசையைக் காட்டுகின்றன, ஒழுங்கை வெட்டிவிடுகின்றன. நல்ல பயிற்சி பெற்றவர் சுடும் முன் செய்யும் சோதனை, பின்னால் எழுப்பிய மண்மேடு, காதடைப்பு, கண்ணாடி ஆகியவை சலிப்பூட்டும் என்று நீக்கப்படுகின்றன. எஞ்சுவது அரை நிமிட வீரம். அதைப் பார்ப்பவன் அந்த அரை நிமிடத்தையே கலை என்று எண்ணிவிடுகிறான்.

அந்த ஒழுங்குதான் யாது? அமெரிக்க மரைன் படையில் பணியாற்றிய ஜெஃப் கூப்பர் தொகுத்துப் பரப்பிய நான்கு விதிகளை இன்று பல பயிற்சிக் களங்களில் கற்பிக்கின்றனர். ஒன்று, எத்துப்பாக்கியையும் குண்டு நிறைந்ததாகவே கருது. இரண்டு, அழிக்க விரும்பாத எதன்மேலும் குழலின் வாயைத் திருப்பாதே. மூன்று, குறி பார்க்கும் வரை விசையில் விரல் வைக்காதே. நான்கு, இலக்கையும் இலக்கின் பின்னால் இருப்பதையும் அறிந்து சுடு. என் தம்பி அந்த அரை நிமிடத்தில் நான்கையும் மீறினான். ஒன்றை மீறினாலும் மற்றவை காக்கும். நான்கையும் மீறினால் காப்பது தற்செயல் ஒன்றே.

தேசிய மாணவர் படையில் சேர்ந்து .22 துப்பாக்கியால் சுட்ட நண்பர்கள் இதனை நன்கு அறிவர். களத்தில் ஆணையின்றி ஒருவரும் துப்பாக்கியைத் தொடுவதில்லை. சுட்டு முடிந்ததும் குழலைச் சோதித்த பிறகே எழுகின்றனர். அச்சிறு குண்டும் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை பறக்க வல்லது என்பதால்தான் இத்தனை கட்டுப்பாடு.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. இருபத்தோரு வயது நிரம்பாதவர் பயிற்சிக்கன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கொண்டாட்டத்திற்காகவோ கவனமின்றியோ பிறர் உயிருக்கு ஊறு நேரும்படி சுட்டால் இரண்டாண்டு வரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2024இல் யூடியூப் நிறுவனமும் துப்பாக்கியின் பாதுகாப்புக் கருவியைக் கழற்றக் கற்பிக்கும் படங்களைத் தடை செய்தது. ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் அன்று சட்டமும் இல்லை, நிறுவனமும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த நான் ஒருவன் இருந்தேன், நானோ சிரித்தேன்.

நண்பர்களே, இனி அத்தகைய படம் திரையில் வந்தால் இரண்டைக் கவனியுங்கள்: சுடுபவர் விரல் எங்கே இருக்கிறது? குழலின் வாய் எவரை நோக்குகிறது? விரல் விசையிலும் வாய் மனிதர்மேலும் இருந்தால், அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். ஊரில் தம்பி தங்கையர் அப்படி எடுக்கக் கண்டால், என்னைப்போல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திராதீர்கள். பக்கவாட்டில் சென்று குழலை உயர்த்துங்கள். என் பெரியப்பா செய்தது அவ்வளவுதான். அதனால்தான் என் தங்கை இன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.