செயினுக்குப் பெட்ரோல் வேண்டாமே!
பைக் கழுவும்போது டேங்குக்கு ஷாம்பூ போடுகிற நாம், செயின் என்றதும் பெட்ரோலில் நனைத்த துணியை எடுத்துவிடுகிறோம். அழுக்கு சட்டுன்னு போகும், வாஸ்தவம்தான். ஆனா கூடவே செயினும் போகும்.

பல பைக்குகளில் இப்போது இருப்பது ஓ-ரிங் செயின். ஒவ்வொரு கண்ணியிலும் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, ரப்பர் வளையங்களால் அடைத்திருப்பார்கள். அந்த கிரீஸை நம்மால் மறுபடி நிரப்ப முடியாது. பெட்ரோல் ரப்பரைக் கெடுக்கும். கம்பி பிரஷ் கிழிக்கும். பிரஷர் வாஷைக் கிட்டே பிடித்தால் தண்ணீர் வளையத்தைத் தாண்டி உள்ளே போய்விடும். வெளியே பளபளப்பு, உள்ளே துரு.

மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஓ-ரிங்குக்கு ஏற்ற செயின் லூப் போடுங்கள். டிஸ்க்கிலும் டயரிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது, டயர் வழுக்கும்.

ரொம்ப முக்கியம்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வேலை சீக்கிரம் முடியுமேன்னு கியரில் ஓடவிட்டுத் துணியைப் பிடித்தால், ஸ்ப்ராக்கெட் துணியோடு விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.